அடுக்களையில் கண்ட அமைதி

அமைதியை நாடியோர் ஊரை விட்டுக் காடு புகுவது எல்லாச் சமயங்களிலும் காணப்படும் பழைய வழக்கம். கிறித்தவ சமயத்திலும் அவ்வழக்கம் தொன்றுதொட்டு நிலவியது. எகிப்து நாட்டுப் பாலைவனத்திலே குகைகளில் உறைந்த முனிவர்கள் அதற்கு முன்னோடிகள். ஆயினும், வாழ்க்கைச் சுமையைத் தாங்கும் அனைவரும் குகைக்குச் செல்லல் இயலுமா? பிள்ளைக்குச் சோறூட்ட வேண்டிய தாயும், ஏர் பிடிக்க வேண்டிய உழவனும், கந்தோரிலே கணக்கெழுத வேண்டிய எழுதுவினைஞனும் தத்தம் கடமையை எவரிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்படுவர்? சமயம் தரும் அமைதி ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஒரு மணி நேரத்தோடு முடிந்துவிடுமாயின், எஞ்சிய நாட்களெல்லாம் யாருக்கு உரியவை?

இவ்வினாவுக்கு விடை கூறிய ஞானநூல் வல்லுநர் பலர் உளர். இன்று நேயர்கள் கேட்கவிருப்பது அவர்களுள் ஒருவருடைய வரலாறன்று. பரிஸ் மாநகரத்து மடமொன்றிலே சட்டி கழுவி, முட்டை பொரித்து, பின்னர்ச் செருப்புத் தைத்து, ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்து மறைந்த, கால் ஊனமுற்ற ஒரு சமையற்காரருடைய வரலாறு இது. மடத்தில் அவருக்கு இட்ட பெயர், உயிர்ப்பின் லோறன்ஸ் சகோதரர் என்பது.

அவருடைய இயற்பெயர் நிக்கோலா எர்மன். 1614ஆம் ஆண்டளவில் லொரேன் நாட்டிலே, லுனேவில் நகருக்கு அண்மையிலுள்ள எரிமெனில் என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். லொரேன் இன்று பிரான்சின் ஒரு பகுதி. அக்காலத்திலோ அது கோமகன் ஒருவரின் ஆட்சிக்குட்பட்ட தனிச் சிறு நாடு. மேற்கே பிரான்ஸ், கிழக்கே ஜேர்மன் அரசுகள். மத்தளத்துக்கு இருபுறமும் இடி என்பது போல, இவ்விரு வல்லரசுகளும் மோதிக்கொண்ட போதெல்லாம் அடிபட்டது லொரேன் நாடே. 1618ஆம் ஆண்டு தொடங்கி 1648ஆம் ஆண்டுவரை ஐரோப்பாவை அலைத்த முப்பதாண்டுப் போர் அந்நாட்டையும் விட்டுவைக்கவில்லை. 1633இல் பிரெஞ்சுப் படை அதன் தலைநகரான நான்சியைக் கைப்பற்றியது. பின்னர்ச் சுவீடன் நாட்டுப் படைகளும் பேரரசரின் படைகளும் மாறிமாறிப் புகுந்தன. படையைத் தொடர்ந்து பஞ்சமும், பஞ்சத்தைத் தொடர்ந்து கொள்ளைநோயும் வந்தன. எத்தனையோ கிராமங்கள் ஆளற்றுப் பாழாயின.

அக்காலத்துக் கொடுமையைக் கண்ணாற் காண விரும்புவோருக்கு ஒரு சான்று உண்டு. நான்சி நகரத்துச் சித்திரக்காரரான ஜாக் கலோ என்பவர், 1633ஆம் ஆண்டிலே, போரின் அவலங்களைச் செப்புத்தகட்டிற் செதுக்கிப் பதினெட்டுச் சித்திரங்களாக வெளியிட்டார். குடியானவர் வீட்டைப் போர்வீரர் சூறையாடுதல், மடங்களுக்குத் தீ வைத்தல், வழிப்போக்கரை மறித்தல், அங்ஙனம் செய்த போர்வீரரே பின்னர்ப் பிடிபட்டுத் தண்டனை பெறுதல் யாவும் அவற்றில் உள. அவற்றுள் ஒன்றைப் பார்த்தவர் எளிதில் மறக்கமாட்டார். வெளியொன்றின் நடுவே பெரிய மரம். அதன் கிளைகளிலே கனிகள் தொங்குமாப்போல, தூக்கிலிடப்பட்டவர் உடல்கள் வரிசையாகத் தொங்குகின்றன.

ஏறக்குறைய அதே காலத்தில், அதே நாட்டில், பதினெட்டு வயது நிரம்பிய நிக்கோலா வேறொரு மரத்தைக் கண்டான். அது மாரிகாலம். இலையெல்லாம் உதிர்ந்து எலும்புக்கூடு போல நின்ற மரம். இன்னும் சில வாரங்களில் இது மீண்டும் தளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்ற எண்ணம் அவன் உள்ளத்தில் எழுந்தது. பட்டது போல நிற்கும் இம்மரத்துள் உயிரைக் காத்து வைத்திருப்பவன் எத்தகையவன் என்று சிந்தித்தான். அக்கணத்தில் தன்னுள்ளே பதிந்த இறையன்பு பின்னர் ஒருபோதும் நீங்கவில்லை என்றும், அதற்குப் பிற்பட்ட நாற்பது ஆண்டுகளில் அது வளர்ந்ததா என்றுகூடச் சொல்ல இயலாத அளவுக்கு அன்றே அது பெரிதாயிருந்தது என்றும் முதுமையில் அவர் கூறினார். இலையற்ற மரத்தை எல்லோருந்தான் காண்கின்றனர். ஊரே எரிந்துகொண்டிருந்த காலத்திலே, மரம் என்றால் தூக்குமரம் என்று அஞ்சிய நாட்டிலே, ஓர் இளைஞன் மரத்தைக் கண்டு தளிரை நினைத்தான் என்பதே இங்குக் கருதத்தக்கது.

எனினும், அக்காட்சி அவனை உடனே துறவியாக்கிவிடவில்லை. நிக்கோலா லொரேன் நாட்டுப் படையிற் சேர்ந்து போர்வீரனானான். ஒருமுறை ஜேர்மன் படையினர் அவனைப் பிடித்து, உளவாளி எனக் கருதித் தூக்கிலிடப் போவதாக அச்சுறுத்தினர். கலோவின் சித்திரத்து மரம் அவனுக்குக் கதையன்று. தான் உளவாளியல்லன் என்றும், மனச்சாட்சி உறுத்தும் குற்றம் எதுவும் செய்திராமையாற் சாவு பற்றித் தனக்குக் கவலையில்லை என்றும் அவன் விடையிறுத்தான். அவ்விடையைக் கேட்ட தளபதிகள் அவனை விடுவித்தனர். 1635இல் சுவீடன் படையினர் ரம்பெர்வில்லே என்னும் சிறு நகரைத் தாக்கியபோது அவன் காயமுற்றான். பெற்றோர் இல்லம் திரும்பிக் காயத்தை ஆற்றிக்கொண்டான். ஆயினும், ஊனம் ஆயுள்வரை உடனிருந்தது.

போரை வெறுத்தவன் அமைதியைத் தேடிப் புறப்பட்டான். முதலில் அவன் சென்றதும், யாவரும் எதிர்பார்க்கும் இடத்துக்கே. உலக வாழ்வை வெறுத்துத் தனிவாசம் மேற்கொண்ட செல்வர் ஒருவருடன் சேர்ந்து, நிக்கோலாவும் தனித்துறவியாக வாழ முற்பட்டான். காடும் தனிமையும் கிடைத்தன. அமைதிதான் கிடைக்கவில்லை. ஒருநாள் களிப்பு, மறுநாள் சோர்வு; ஒருநாள் உருக்கம், மறுநாள் வறட்சி. கட்டுப்படுத்தும் ஒழுங்கும் கடமையும் இல்லாத மனம், கட்டுத்தறியற்ற கன்று போல ஓடியது. அவன் அதைக் கைவிட்டுப் பரிஸ் நகருக்குச் சென்றான். தனிமையே அமைதி தரும் என்ற எண்ணத்தைச் சொந்த அனுபவத்தால் அவன் அப்போதே கடந்துவிட்டான். பிற்கால வாழ்வின் திறவுகோல் இத்தோல்வியில் இருக்கின்றது எனலாம்.

பரிசிலே, அரசாங்கத் திறைசேரியின் பெரிய அதிகாரியான பியுபே என்பவர் வீட்டில் அவன் பணியாளானான். அங்கே அவன் ஈட்டிய பெயர், கையில் எடுத்ததையெல்லாம் உடைத்துவிடும் முரட்டு ஆள் என்பதே. உருவத்திற் பெரியவன், நடையில் தடுமாற்றம் உள்ளவன். இத்தகைய ஒருவன் பணக்கார வீட்டுப் பீங்கானுக்கு எத்துணை ஆபத்து என்பதை நேயர்களே ஊகிக்கலாம்.

1640ஆம் ஆண்டு யூன் மாதத்தில், வோஜிரார் வீதியிலிருந்த கார்மேல் சபை மடத்தின் கதவைத் தட்டினார் நிக்கோலா. ஸ்பானிய நாட்டிலே அவிலா நகரத்து அர்ச். தெரேசம்மாள் சீர்திருத்திய துறவற சபை அது. குருப்பட்டம் பெறுவதற்கான கல்வி அவரிடம் இல்லை. ஆகவே, மடத்தின் உடலுழைப்பு வேலைகளைச் செய்யும் சகோதரராக ஏற்றுக்கொள்ளப்பட்டார். ஓகஸ்து மாதத்திலே துறவாடை பெற்றார். 1642ஆம் ஆண்டு ஓகஸ்து 14ஆந் திகதி நிறைவான வார்த்தைப்பாடு கொடுத்தார். தமது கைத்தடுமாற்றத்துக்கும் குற்றங்களுக்கும் இம்மடத்தில் தோலுரிபடும் தண்டனை கிடைக்கும் என்றும், அவ்வாறு தமது வாழ்வையும் இன்பங்களையும் பலியாக்கலாம் என்றும் எண்ணியே உள்ளே வந்ததாகவும், ஆனால் கடவுள் தம்மை ஏமாற்றிவிட்டார், மனநிறைவையன்றி வேறெதையும் இங்கே காணவில்லை என்றும் அவர் பின்னாளில் நகைச்சுவையாகச் சொல்வதுண்டு.

அந்தச் சொல்லை மட்டும் கேட்டு, அவர் எளிதாக அமைதி பெற்றார் என எண்ணிவிடலாகாது. முதற் பத்தாண்டுகள் மிகுந்த துன்பத்திற் கழிந்தன. பழைய பாவங்கள் இடைவிடாது கண்முன் நின்றன. நான்கு ஆண்டுகள், தாம் நரகத்துக்கே உரியவர் என்ற அச்சம் அவரைப் பற்றியிருந்தது. உலகத்தார் அனைவரும் திரண்டு வந்து தேற்றினாலும் அந்த எண்ணத்தை அகற்றியிருக்க முடியாது என அவரே பிற்காலத்தில் விளக்கினார். விழுவதும் எழுவதுமாக நாட்கள் சென்றன. மனிதரும், அறிவும், கடவுளுமே தமக்கு எதிராக நிற்பது போலவும், நம்பிக்கை ஒன்றே தம் பக்கம் நிற்பது போலவும் அவருக்குத் தோன்றிற்று.

அந்த இருளினின்று அவர் வெளிவந்த விதம் வியப்புக்குரியது. தம் கதி என்னவாகும் என்று கணக்கிடுவதை அவர் விட்டுவிட்டார். மோட்சமோ நரகமோ, அது தமது கவலையன்று. எதுவரினும், உயிருள்ளவரை கடவுளின் அன்புக்காகச் செயலாற்றுவதே தமது வேலை எனத் தீர்மானித்தார். இந்தக் கலக்கத்தோடேயே சாகப் போகிறோம் என்று ஒத்துக்கொண்ட பின்னர், எதிர்பாராத வேளையில் அமைதி வந்தது. கனத்த பொருளொன்று தனக்குரிய இடத்திற் சென்று அமர்ந்தது போல அவருடைய உள்ளம் நிலைகொண்டது. அமைதியை வேண்டி நின்றவரை அது கிட்டவில்லை. அது இல்லாமலே கடமையைச் செய்யத் துணிந்தவரைத் தேடி வந்தது.

இனி அந்தக் கடமை யாது என்று பார்ப்போம். மடத்துத் தலைவர் அவரைச் சமையல் வேலைக்கு விட்டனர். சமையலோ அவருக்கு இயல்பாகவே அறவே பிடிக்காத வேலை. அந்த வெறுப்பை மறைத்துப் புனைந்துரைக்க அவர் முயலவில்லை. பிடிக்காத அந்த வேலையையே 15 ஆண்டுகள் செய்தார். துறவிகள் பெருந்தொகையினர் வாழும் மடத்து அடுக்களை எப்படி இருக்கும்? விறகடுப்பின் புகை, கொதிக்கும் அண்டா, ஒருவர் அதைக் கேட்க மற்றொருவர் இதைக் கேட்க எழும் சந்தடி. அவர் மடத்தில் இருந்த காலத்திலேயே, 1649இல், உள்நாட்டுக் கலகத்தின் விளைவாகப் பரிஸ் நகரம் முற்றுகைக்கு உட்பட்டது. தானிய விலை ஏறியது. துறவிகள் உலகத்தைத் துறந்தாலும் வயிற்றைத் துறக்க இயலாது.

அச்சந்தடியிடையே அவர் கைக்கொண்ட முறை மிக எளியது. வேலை தொடங்குமுன், இவ்வேலையில் மனத்தைச் செலுத்த வேண்டியிருக்கின்றது, ஆயினும் உம்முடைய முன்னிலையில் என்னை வைத்திரும் என்று கடவுளிடம் வேண்டிக்கொள்வார். வேலையின் நடுவே, நண்பரோடு உரையாடுவது போல, இடையிடையே ஓரிரு சொல் அவரோடு பேசுவார். வேலை முடிந்ததும் எப்படிச் செய்தோம் எனப் பார்ப்பார். நன்றாகச் செய்திருந்தால் நன்றி கூறுவார். தவறியிருந்தால் மன்னிப்புக் கேட்பார். கேட்டபின் அதையே நினைத்து மறுகிக் கொண்டிருக்கமாட்டார். என்னை என் போக்கில் விட்டால் இப்படித்தான் செய்வேன் என்று கடவுளிடம் ஒப்புக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். இந்தக் கடைசிப் பழக்கம் சிறியதன்று. நான்கு ஆண்டுகள் பாவத்தை எண்ணி எண்ணித் துயருற்ற அதே மனிதர், ஒரு தவற்றைக் கணப்பொழுதில் ஒப்படைத்துவிட்டு நகர்ந்தார் எனின், அவருள்ளே நிகழ்ந்த மாற்றத்தின் அளவு புலனாகும்.

அவரை நேரிற் கண்டவர் எழுதிவைத்த குறிப்பின்படி, வேலை மிக நெருக்கும் வேளையிலும் அவர் பதறியதில்லை, சோம்பியதும் இல்லை. ஒவ்வொன்றையும் அதனதன் வேளையில், ஒரே சீரான மனத்துடன் செய்தார். செபத்துக்கெனக் குறித்த நேரமும் வேலை நேரமும் தமக்கு வேறுவேறல்ல என்றார். கோவிலில் முழந்தாளிட்டு நற்கருணை முன் இருக்கும்போது பெறும் அமைதியைத் தட்டுமுட்டுச் சத்தத்தின் நடுவிலும் தாம் பெறுவதாகக் கூறினார். தாச்சியிலே முட்டைப் பொரியலைப் புரட்டிப் போடுவதையும் கடவுளின் அன்புக்காகவே செய்வார். செய்வதற்கு வேறொன்றும் இல்லாவிடின், அதே அன்புக்காகத் தரையிற் கிடக்கும் துரும்பொன்றைக் குனிந்து எடுப்பதும் அவருக்குப் போதுமாயிருந்தது. பெரியபுராணம் பயின்ற நேயர்களுக்கு, மண்ணோடு குயத்தொழில் செய்த திருநீலகண்டரும், அடியார் உடை வெளுத்த திருக்குறிப்புத்தொண்டரும் இவ்விடத்தில் நினைவுக்கு வருவர். தெரேசம்மாளும், கீழ்ப்படிதலின் பேரில் அடுக்களைக்கு அனுப்பப்படும் கன்னியர் வருந்தற்க, அங்கேயும் ஆண்டவர் சட்டி பானைகளிடையே உலாவுகின்றார் என அறிவுறுத்தியவர். லோறன்ஸ் அந்த அறிவுரையை ஒரு வாழ்நாட் காலம் சோதித்துப் பார்த்தார்.

அடுக்களையிலும் கடினமான வேலையொன்று இருந்தது. மடத்துக்கு வேண்டிய திராட்ச மதுவைக் கொள்வனவு செய்ய அவரை ஓவேர்ன் மாகாணத்துக்கும், பின்னொருமுறை பேர்கண்டி மாகாணத்துக்கும் அனுப்பினர். வியாபார நுணுக்கம் அவருக்குக் கிஞ்சித்தும் தெரியாது. காலோ ஊனம். படகிலே பீப்பாய்களை அடுக்கிய பின்னர் நடந்து செல்ல இயலாமல், அவற்றின் மேல் உருண்டு உருண்டே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போனார். இது உமது அலுவல், நீரே பார்த்துக்கொள்ளும் என்று கடவுளிடம் சொல்லிவிட்டு வேலையில் இறங்கினார் என்றும், முடிவில் எல்லாம் நன்றாக நிறைவேறியிருந்தன என்றும், எப்படி நிறைவேறின என்று தமக்கே தெரியாது என்றும் அவர் கூறினார். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. கடவுள் பார்த்துக்கொள்வார் என்று அவர் மடத்தில் உட்கார்ந்துவிடவில்லை. பீப்பாய்களின் மேல் உருண்டார்.

ஊனமுற்ற கால் மேலும் துன்புறுத்தியபின், உட்கார்ந்து செய்யக்கூடிய செருப்புத் தைக்கும் வேலை அவருக்குக் கொடுக்கப்பட்டது. அங்கும் அவருடைய நிலை மாறவில்லை. சமையலில் இருந்தபோது எவ்வளவு மனநிறைவோடு இருந்தாரோ அவ்வளவு மனநிறைவோடு தோலும் ஊசியுமாக இருந்தார். வேறு வேலைக்கு மாற்றினாலும் விட்டுச்செல்ல ஆயத்தமாகவே இருந்தார்.

இந்தக் கைத்தொழிலாளியைத் தேடி அறிஞர்கள் வரத் தொடங்கினர். 1666ஆம் ஆண்டு ஓகஸ்து 3ஆந் திகதி ஜோசேப் த போபோர் என்ற குருவானவர் அவரை முதன்முறையாகச் சந்தித்தார். பிற்காலத்திற் பரிஸ் நகரத்து அதிமேற்றிராணியாராகவும் கர்தினாலாகவும் விளங்கிய நோவாய் என்பவருக்கு உதவிக் குருவாயிருந்தவர் இவர். தொடர்ந்து நிகழ்ந்த நான்கு உரையாடல்களின் சாரத்தை அவர் குறித்து வைத்தார். அக்குறிப்புகள் இல்லையேல், லோறன்சின் பெயர் மடத்துப் பதிவேட்டிலே ஒரு வரியோடு நின்றிருக்கும்.

லோறன்ஸ் எழுதிய கடிதங்களுட் பதினாறு மட்டுமே எஞ்சியுள்ளன. கன்னியருக்கும் இல்லறப் பெண்களுக்கும் எழுதிய சிறு கடிதங்கள் அவற்றுட் பல. மனத்தைக் கட்டுப்படுத்த இயலவில்லையே என வருந்தியவருக்கு, அது உமக்கு மட்டும் உள்ள குறையன்று என ஆறுதல் சொல்கின்றார். அலையும் மனத்தை அதட்டாமல் மெல்ல மீட்டுக் கொண்டுவரச் சொல்கின்றார். போர்வீரன் ஒருவனைப் பற்றி அம்மையார் ஒருவருக்கு எழுதும்போது, அவன் வாளேந்தி அணிவகுத்துச் செல்கையிலும் உள்ளத்தைச் சற்றே மேலுயர்த்தினாற் போதும், அதுவே செபமாகும், அதனால் அவன் வீரம் குன்றாது, பெருகும் என அறிவுரை கூறுகின்றார். எழுதியவர் ரம்பெர்வில்லேயிலே காயமுற்ற பழைய போர்வீரர் என்பதை நினைக்கும்போது அவ்வரிகளின் கனம் கூடுகின்றது. நோயுற்ற ஒருவருக்கு எழுதிய கடிதங்கள் இன்னும் கடுமையானவை. நோய் நீங்க வேண்டும் என்று தாம் கேட்கவில்லை. அதைத் தாங்கும் வலிமையையே கேட்பதாக எழுதுகின்றார். இந்த அறிவுரையை எல்லோரும் ஏற்பர் எனச் சொல்ல முடியாது. வலியால் துடிப்பவரிடம் வலியை விரும்பு என்பது சில வேளைகளிற் கொடுமையாகவும் படலாம். ஆனால், அவர் கட்டிலருகே நின்று போதித்தவரல்லர். தாமும் காலிலே ஆறாப் புண்ணோடு வாழ்ந்தவர். அந்த உரிமையோடுதான் எழுதினார்.

கடைசிக் கடிதத்தை எழுதும்போதே, இன்னும் சில நாட்களில் ஆண்டவரைக் காண்போம் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. 1691ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆந் திகதி, ஏறத்தாழ எழுபத்தேழாம் வயதில் அவர் காலமானார். நோய்ப்படுக்கையில் இருந்த அவரைக் காணச் சென்றவருள் பெனெலோன் ஒருவர். பின்னர்க் கம்பிரே நகரத்து அதிமேற்றிராணியாரான அவர் பிரெஞ்சு உரைநடை வல்லாருள் ஒருவர். அரச குமாரருக்கு ஆசிரியர். இயற்கையில் முரடராகவும் அருளில் மென்மையராகவும் அந்தச் சகோதரரைத் தாம் கண்டதாக அவர் பின்னர் எழுதினார்.

மறைவுக்கு அடுத்த ஆண்டே, 1692இல், போபோர் அவருடைய கடிதங்களையும் சிந்தனைகளையும் அச்சிட்டார். உரையாடல்கள் 1694இல் வெளிவந்தன. காலம் பொல்லாததாயிருந்தது. அமைதிவாதம் எனப்படும் கொள்கையைப் பற்றிப் பெரும் வழக்கொன்று அப்போது திருச்சபையை ஆட்டியது. ஆன்மா தன்னை முற்றாகக் கடவுளிடம் விட்டுவிட்டாற் போதும், அதன்பின் முயற்சி வேண்டியதில்லை என்ற வகையிற் போதித்ததாக, உரோமையில் வாழ்ந்த மொலினோஸ் என்ற ஸ்பானியக் குரு 1687இலே கண்டிக்கப்பட்டிருந்தார். பிரான்சில் பெனெலோனுக்கும், மோ நகரத்து மேற்றிராணியாரும் பெரும் பேச்சாளருமான பொசுவேக்கும் இதே பொருள் பற்றி எழுந்த போர் ஆண்டுக்கணக்கில் நடந்தது. 1699இல் பாப்பரசர் பன்னிரண்டாம் இன்னொசெந்து, பெனெலோனின் நூலிலிருந்து எடுத்த கூற்றுகளைக் கண்டித்தார். பெனெலோன் பணிந்தார். அவர் போற்றியவை எல்லாம் ஐயத்துக்கு உள்ளாயின. மோட்சத்தையும் நரகத்தையும் எண்ணாமல் அன்புக்காகவே வாழ்ந்தேன் என்ற சமையற்காரரின் சொல்லும் அந்நிலையில் ஆபத்தான சொல்லாகத் தோன்றியதில் வியப்பில்லை. அவருடைய நூல் பிரான்சிலே மெல்ல மறக்கப்பட்டது.

சொற்களை மட்டும் எடுத்துத் தராசிலிட்டால் அந்த ஐயம் முற்றிலும் நியாயமற்றதென்று கூற இயலாது. அமைதியும் சோம்பலும் தூரத்திலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால், சொன்னவர் யார், எங்கிருந்து சொன்னார் என்பதையும் சேர்த்து நிறுக்க வேண்டும். முயற்சி வேண்டாம் என்ற கொள்கைக்காரரிடம் நண்பகலுக்குள் மடம் முழுவதற்கும் சோறு ஆக்கும் பொறுப்பு இருந்ததில்லை. லோறன்ஸ் விட்டுவிட்டது தம்மைப் பற்றிய கவலையை மட்டுமே. உலையை விட்டுவிடவில்லை. பொசுவேயும் பெனெலோனும் பெரிய பெரிய ஏடுகளில் எழுதித் தீர்க்க முயன்ற வழக்குக்கு, இருவருள் எவரும் கையிலெடுத்திராத அகப்பையிலே விடை இருந்தது எனத் துணிந்து கூறலாம்.

தாயகத்தில் மறக்கப்பட்ட நூலைக் காத்தவர் யார் என்பது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று. 1685இல் பதினான்காம் லூயி மன்னன், புரொட்டஸ்தாந்தருக்கு அளித்திருந்த உரிமைகளை நீக்கி, அவர்களைத் தன் நாட்டில் வாழவொட்டாமற் செய்திருந்தான். இந்தக் கத்தோலிக்கச் சகோதரரின் நூலை எடுத்துப் போற்றி மறுபதிப்புச் செய்தவரோ ஒரு புரொட்டஸ்தாந்த போதகர். பியேர் புவாரே என்னும் அவர் லொரேன் பகுதியைச் சேர்ந்த மெட்ஸ் நகரிற் பிறந்து, ஒல்லாந்து நாட்டிலே வாழ்ந்து வந்தார். அங்கிருந்து நூல் இங்கிலாந்துக்குச் சென்றது. மெதடிஸ்த இயக்கத்தைத் தோற்றுவித்த ஜோன் வெஸ்லி, தம் மக்கள் படிப்பதற்கென 1749ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட ஐம்பது தொகுதிகளான கிறித்தவ நூல்வரிசையிலே இதன் பகுதிகளையும் சேர்த்தார். சுரங்கத்திலும் தறியிலும் உழைத்த எளிய மக்கள் திரண்டிருந்த இயக்கம் அது. உலையடுப்பருகே பிறந்த நூல் மீண்டும் உழைப்பாளர் கைக்கே சென்றது.

வோஜிரார் வீதி மடத்தின் கதியும் சொல்லத்தக்கது. பிரெஞ்சுப் புரட்சியின்போது அதைச் சிறைச்சாலையாக்கினர். 1792ஆம் ஆண்டு செப்ரெம்பர் 2ஆந் திகதி, அங்கே அடைத்து வைக்கப்பட்டிருந்த குருமார் நூற்றுக்கு மேற்பட்டோர் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டனர். லோறன்ஸ் நடமாடிய அந்த இடத்திலே பின்னர்க் கத்தோலிக்க உயர்கல்விக் கழகம் அமைந்தது. மடத்துக் கோவில் இன்றும் நிற்கின்றது.

பிரெஞ்சு மக்கள் அவரை மீண்டும் அறிந்துகொள்ள நெடுங்காலம் சென்றது. 1991ஆம் ஆண்டில், அவர் மறைந்து முந்நூறு ஆண்டுகள் நிறைந்தபோது, கார்மேல் சபைத் துறவியான கொன்ராட் த மேஸ்தர், பழைய பதிப்புகளை ஒப்பிட்டு, அவருடைய எழுத்துகள் அனைத்தையும் ஆராய்ச்சிக் குறிப்புகளுடன் ஒரே நூலாக வெளியிட்டார். எவருக்கும் காட்டுவதில்லை என உறுதியளித்தால் மட்டுமே எழுதுவேன் எனச் சொல்லி லோறன்ஸ் எழுதிய கடிதமும் அதில் இடம்பெற்றுள்ளது.